ஒரு பிள்ளைக்காக ஊர் ஊராய் அலைந்த தம்பதிகள்



பாஸ்குத் திருநாள் கழிந்து வீடு மந்திரிக்க உங்கள் தெருக்களுக்கு வந்தபோது, ஒரே வழக்கை நாலைந்து வீடுகளில் கேட்டேன். புருஷன் சிமெண்டு ஆலையில் இரவு முறை வேலை முடித்துக் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். மனைவி விடியற்காலம் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு, வெங்காயக் காட்டில் களையெடுத்துத் திரும்பியிருக்கிறாள். கைக்குழந்தை அழுகிறது. அதை எடுப்பதற்கு இருவரில் யாருக்கும் தெம்பு இல்லை. அப்போது வழக்குத் தொடங்குகிறது. நான் அதிகம் களைத்தேனா, நீ அதிகம் களைத்தாயா என்பதே அந்த வழக்கு. சாமியார் வந்துவிட்டாரே, அவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

எனக்கோ பெண்சாதி பிள்ளைகள் இல்லை. இரவில் மூன்று தரம் எழுந்து குழந்தைக்குப் பால் காய்ச்சிய அனுபவமும் இல்லை. ஆகவே என் சொந்த புத்தியிலிருந்து தீர்ப்புச் சொல்லத் துணியாமல், நம்முடைய இந்த மண்ணிலேயே நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறேன். அரியலூரிலும் குன்னத்திலும் செங்குணத்திலும் காரையிலும் நடந்த சரித்திரம் அது. நீங்கள் சந்தைக்குப் போகும் வழியில் கடந்துபோகும் ஊர்கள்தாம்.

தமிழ்த் தாத்தா என்று நாடெல்லாம் அழைக்கும் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரை உங்களுக்குத் தெரியும். செல்லரித்துப் போகவிருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்து, சீவகசிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் மணிமேகலையையும் அச்சிட்டு நமக்குத் தந்தவர் அவர். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் தலைப்பாகையோடு அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பெரியவர் சிறு பையனாக நம்முடைய ஊர்களில் வளர்ந்தவர் என்பதும், அவரை ஆளாக்க அவருடைய தாய் தகப்பன்மார் எத்தனை ஊர் மாறி எவ்வளவு களைத்தார்கள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்கள் நம்முடைய வேதத்தைச் சேர்ந்தவர்களல்ல. சிவபக்தி நிறைந்த பிராமணக் குடும்பத்தினர். ஆனாலும் நல்ல தாய் தகப்பன் எந்த வீட்டில் இருந்தாலும் நாம் போய்ப் பாடம் கேட்கலாம்.

சாமிநாதையர் பிறந்தது 1855-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 19-ந் தேதி. சொந்த ஊர் பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். தகப்பனார் பெயர் வேங்கடசுப்பையர். தாயார் சரஸ்வதி அம்மாள். வேங்கடசுப்பையர் சங்கீதம் கற்றவர். உடையார்பாளையம் ஜமீனில் பெயர் பெற்று விளங்கிய கனம் கிருஷ்ணையர் அவருக்கு உறவினர். அவரிடமே பல வருஷம் பயின்றார். குரல் இருந்தது, வித்தை இருந்தது, ஆனால் செல்வம் இல்லை. உத்தமதானபுரத்தில் இருந்த நிலம் குடும்பத்தைத் தாங்கப் போதவில்லை. ஆகவே வித்தையை நம்பியே பிழைக்க வேண்டியதாயிற்று.

சில காலம் அரியலூர் ஜமீனின் ஆதரவு கிடைத்தது. குடும்பமும் அரியலூருக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ஜமீனின் நிலை தளர்ந்தபோது அந்த ஆதரவும் தளர்ந்துபோயிற்று. மாதா மாதம் வரும் வருமானத்தை நம்பிக் குடித்தனம் செய்து, திடீரென்று அது நின்றுபோன அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. ஆலையில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினால் அன்றிரவு வீட்டில் நிலவும் மௌனத்தை நீங்கள் அறிவீர்கள். வேங்கடசுப்பையர் வீட்டிலும் அந்த மௌனம் இருந்திருக்கும்.

அப்போதும் அவருக்கு மனத்தில் ஒரே கவலை: பையன் படிக்க வேண்டும். அரியலூரில் சடகோபையங்கார் என்னும் வித்துவான் இருந்தார். தமிழில் எவ்வளவு இனிமை உண்டென்று அந்தப் பையனுக்கு முதன்முதல் காட்டியவர் அவரே. ஒரு ருசி கண்டபின் பையனுடைய பசி அடங்கவில்லை. இன்னும் படிக்க வேண்டும், இன்னும் பெரிய வாத்தியார் வேண்டும் என்று மனம் தவித்தது. தகப்பனாருக்கோ மகன் சங்கீதம் கற்றுத் தம்மைப் போல் பாட வேண்டும் என்று ஆசை. ஆனால் பையனுடைய உள்ளம் தமிழில்தான் என்று கண்டபோது, அவர் தம்முடைய ஆசையை ஒருபுறம் வைத்துவிட்டு, மகனுடைய ஆசைக்கு வழி தேடத் தொடங்கினார்.

அன்று நம்முடைய பக்கத்தில் ரயில் கிடையாது, பஸ் கிடையாது. மாட்டு வண்டி உண்டு. அதற்கும் காசு இல்லாதவர்களுக்குக் கால் உண்டு. எந்த ஊரில் பையனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதோ, அந்த ஊருக்குக் குடும்பம் போயிற்று. அங்கே தகப்பனார் இரவு வேளைகளில் இராமாயணக் கதை சொல்லுவார். அருணாசலக் கவிராயருடைய இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிப் பொருள் விளக்குவார். ஊரார் நெல்லும் பருப்பும் கொடுப்பார்கள். கதை பூர்த்தியாகும் நாளில் கொஞ்சம் பணமும் துணியும் சேரும். அதைக்கொண்டு காலட்சேபம் நடந்தது. பகலில் பையன் பாடம் கேட்டான்.

இப்படியே குன்னத்துக்கு வந்தார்கள். அங்கே சிதம்பரம் பிள்ளை என்பவரிடம் பையன் திருவிளையாடற் புராணம் கேட்டான். கார்குடிக்குப் போனார்கள், அங்கே கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் சொல்லிக்கொடுத்தார். பெரம்பலூருக்கு அருகே செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்னும் பெரிய மனிதர் யாப்பிலக்கணம் கற்பித்தார். பயிரிடும் குடியானவர்களும் கணக்கு எழுதுகிறவர்களும் ஊர்ப் பெரியவர்களும் எவ்வளவு தமிழ் அறிந்திருந்தார்கள் பாருங்கள்! மானாவாரிக் காடு என்று மற்றவர்கள் இகழும் நம்முடைய பூமிதான் தமிழ்த் தாத்தாவுக்குப் பள்ளிக்கூடமாய் இருந்தது.

இனிக் கொஞ்சம் நின்று, அந்த வீட்டு அம்மாளைப் பாருங்கள்.

சரஸ்வதி அம்மாள் சூரியமூலை கிருஷ்ண சாஸ்திரிகளின் குமாரத்தி. பிறந்த வீடு காவேரிப் பாசனத்தில் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் பூமி. அங்கிருந்து நம்முடைய கரிசல் காட்டுக்கு வந்தார். ஊர் மாறுவது என்றால் ஆண்மக்களுக்குத் துணி மூட்டையைக் கட்டுவதுதான் வேலை. பெண்மக்களுக்கோ அது வேறு. புதிய வீட்டில் அடுப்புப் போட வேண்டும். எந்தக் கிணற்றில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எந்த நேரத்தில் போகலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தாரைப் புதிதாய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அவர்களோடு சிநேகம் உண்டாகும் வேளையில் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். நாளை எத்தனை படி நெல் வரும் என்று தெரியாமல் இன்றைக்கு அரிசி களைய வேண்டும். தகப்பனார் தினந்தோறும் தவறாமல் சிவபூசை செய்கிறவர். எந்த ஊரில் இருந்தாலும் அதற்கு வேண்டியது ஆசாரத்தோடு ஆயத்தமாக வேண்டும். அவர் கண்டிப்புள்ள மனிதர். பையன் தெருவில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து திரிவதைப் பொறுக்கமாட்டார். கண்டிப்புள்ள தகப்பன் இருக்கும் வீட்டில் இரண்டு பேருடைய மனத்தையும் சாந்தப்படுத்துகிற வேலை யாருக்கு விழும் என்று தாய்மாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தகப்பனார் இரவில் பாடினார், ஊரார் கூடிக் கேட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். விடியற்காலம் எழுந்து சாணி தெளித்த அம்மாளுக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. இருந்தும் அந்தக் குடும்பம் உடையவில்லை. புருஷன் இன்னும் ஓர் ஊர் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் கூடப் போனாள். தகப்பனாருடைய தம்பி ஸ்ரீநிவாசையரும் குடும்ப பாரத்துக்குத் தோள் கொடுத்தார். அந்த அம்மாள் ஒரே ஒரு தடவை, இனி நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் யார் அவளைக் குறை சொல்ல முடியும்? ஆனால் அப்போது செங்குணத்துப் பாடம் நடந்திராது. நமக்குச் சிந்தாமணியும் கிடைத்திராது.

செங்குணத்து ரெட்டியார், இந்தப் பையனுக்குத் தாம் சொல்லிக்கொடுக்கக்கூடியது தீர்ந்துவிட்டது என்று கண்டு, இதற்கு மேல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடந்தான் போக வேண்டும் என்று வழி காட்டினார். 1871-ஆம் வருஷம் தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் போனார். பிள்ளையவர்கள் பாடம் சொல்ல இசைந்தார்கள். ஆனால் பையனுடைய சாப்பாட்டுக்குத் தகப்பனார் வழி செய்ய வேண்டும். கையில் பணமில்லாத மனிதர் அந்தப் பாரத்தையும் ஏற்றுக்கொண்டார். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மகன் சங்கீதமும் கற்கட்டும் என்று ஏற்பாடு செய்துபார்த்தார். பிள்ளையவர்களுக்கு அது பிரியமில்லாதபடியால் அதுவும் நின்றது. தகப்பனார் இரண்டாந் தரமும் தம்முடைய ஆசையை விட்டுக்கொடுத்தார்.

இந்த மகாவித்துவானுடைய வீட்டில் நம்முடைய வேதத்தாருக்கும் இடம் இருந்தது என்பதை அறிந்தால் சந்தோஷப்படுவீர்கள். சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர் பிள்ளையவர்களின் கடைசிக் காலம் வரையில் உடனிருந்து பிள்ளையைப் போல் தொண்டு செய்தார். நம்முடைய கத்தோலிக்கரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். அவர்மேல் பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை பாடியிருக்கிறார்கள்.

மகன் பாடம் கேட்டுவந்த காலத்தில் அவனுக்கு அம்மை கண்டது. அக்காலத்தில் பெரியம்மை என்றால் வீடெல்லாம் நடுங்கும். தாயாரின் பிறந்த ஊராகிய சூரியமூலைக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாயும் தகப்பனும் பக்கத்திலிருந்து காப்பாற்றினார்கள். தடுப்பூசியினால் அந்த வியாதி இப்போது உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டது. 1980-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருப்பது இன்னும் ஒழியவில்லை. அந்த இரவுகளில் ஒருவர் கண்ணயரும்போது மற்றவர் விழித்திருக்கிறார் என்ற நிச்சயம் இருக்கிறதே, அதற்கு ஈடான மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு பாரம் கடன். அக்கால வழக்கப்படி மகனுக்குச் சிறு பிராயத்திலேயே, 1868-இல், கல்யாணம் நடந்திருந்தது. அந்தக் கல்யாணக் கடன் தீராமல் தகப்பனாரை வாட்டியது. ஒரு சமயம் மகன் பாடத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு, தகப்பனாரோடு நம்முடைய காரைக்கு வந்தார். அங்கே கிருஷ்ணசாமி ரெட்டியார் முதலானவர்களின் ஆதரவில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து, கிடைத்த சம்மானத்தைக்கொண்டு கடனுக்கு வழி செய்தார். இத்தனை வருஷமாய்த் தகப்பனார் பாடி மகனுக்குச் சோறு போட்டார். அப்போது மகன் பேசித் தகப்பனாரின் கடனைச் சுமந்தார். வீட்டில் ஒருவர் பாரத்தை ஒருவர் எடுப்பதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, தன் முறை வந்தபோது சொல்லாமலே தோள் கொடுத்தான்.

1876-இல் பிள்ளையவர்கள் காலமானார்கள். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் வேலை சாமிநாதையருக்குக் கிடைத்தது. சம்பளம் மாதம் 50 ரூபாய். தாயும் தகப்பனும் கும்பகோணத்தில் மகனோடு வந்து தங்கினார்கள். ஊர் ஊராய் அடுப்பு மாற்றிய அம்மாளுக்கு நிலையான ஓர் அடுப்புக் கிடைத்தது. 1887-இல் சீவகசிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பிறகு பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் கிடைத்தது. முதிர்ந்த பிராயத்தில், 1940 முதல், ஆனந்த விகடன் பத்திரிகையில் தம்முடைய சரித்திரத்தை எழுதிவந்தார். யுத்த காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது 1942-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி காலமானார். அந்தச் சரித்திரம் முடிவடையாமலே நின்றது. ஆனால் அதில் நம்முடைய அரியலூரும் குன்னமும் செங்குணமும் காரையும் நன்றியோடு பதிந்திருக்கின்றன.

பிரியமானவர்களே, நீங்கள் கேட்ட வழக்குக்கு இப்போது வருகிறேன்.

வேங்கடசுப்பையர் அதிகம் களைத்தாரா, சரஸ்வதி அம்மாள் அதிகம் களைத்தாளா? அளந்து சொல்ல எந்த மரக்காலும் இல்லை. இருவரும் களைத்தார்கள். பிள்ளை வளர்ப்பது களைப்பான காரியந்தான். அதை ஒளிக்க வேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவமும் அதில் இல்லை. என் பிள்ளைகள்மேல் பிரியம் இருக்கிறது, ஆனால் என்னால் முடியவில்லை, சுவாமி, என்று அழுத தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்ட தாய்மார் அல்லர். களைத்த தாய்மார். களைப்பு நெடுநாள் நீடித்து, தூக்கமும் பசியும் போய், மனம் இருண்டுவிட்டால், கூச்சப்படாமல் வைத்தியரிடம் போக வேண்டும். புருஷன் கூடப் போக வேண்டும்.

ஒரு காரியம் மட்டும் நிச்சயம். ஒருவர் களைப்பை மற்றவர் கண்டுகொள்ளும் வீட்டில் களைப்பு மனுஷரை உடைப்பதில்லை. யார் அதிகம் களைத்தவர் என்று வழக்காடும் வீட்டில் சிறிய களைப்பும் விஷமாகிறது. வழக்கில் ஜெயித்தவருக்கு என்ன கிடைக்கிறது? குழந்தை அழுதுகொண்டேதான் இருக்கிறது.

புருஷன்மாருக்கு ஒரு வார்த்தை விசேஷமாய்ச் சொல்ல வேண்டும். சரஸ்வதி அம்மாளைப் போல் என் மனைவியும் வாய் திறவாமல் கூட வரட்டும் என்று இந்தச் சரித்திரத்திலிருந்து பாடம் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அக்காலத்துப் பெண்கள் பேசாமல் சுமந்தது நமக்கு ஒரு கடன். அதை இக்காலத்துப் பெண்களிடம் மறுபடியும் வசூலிக்கக்கூடாது. உங்கள் மனைவி காட்டிலும் உழைக்கிறாள், நூறு நாள் வேலைக்கும் போயிருக்கிறாள், வீட்டுக்கு வந்தும் உழைக்கிறாள். அவளுக்கு ஊரார் சால்வை போர்த்தப் போவதில்லை. அது உங்கள் கடமை. திருப்பூரிலோ அரபு நாட்டிலோ இருந்து உழைக்கிற புருஷன்மாரும், பணம் வந்ததா என்று கேட்டுப் போனை வைத்துவிடாமல், நேற்று இரவு தூங்கினாயா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். மனைவிமாரும், தூரத்தில் தனியே சமைத்துத் தின்கிற மனுஷனுக்கும் களைப்பு உண்டென்று நினைத்துக்கொள்ளுங்கள். துணை இல்லாமல் தனியே பிள்ளை வளர்க்கிற விதவைகளும் நம்முடைய பங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்ரீநிவாசையரைப் போல் தோள் கொடுப்பது உறவினருக்கும் அயலாருக்கும் விழுந்த கடமை.

நம்முடைய ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை அமைத்துத் தமிழ்த் தொண்டு செய்த வீரமாமுனிவர் ஒரு பெரிய காவியம் எழுத நினைத்தபோது, போர்வீரனையோ அரசனையோ தலைவனாக வைத்துக்கொள்ளவில்லை. தேம்பாவணிக்குத் தலைவர் அர்ச். சூசையப்பர், ஒரு தச்சர், ஒரு புருஷன், ஒரு வளர்ப்புத் தகப்பன். அவரும் இரவோடிரவாய் எழுந்து, தாயையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, பாஷை தெரியாத எஜிப்து தேசத்துக்கு நடந்தவர். அந்த வழியில் தேவமாதா களைத்திருப்பார்கள், அவரும் களைத்திருப்பார். பெற்றோரின் களைப்பைச் சர்வேசுரன் அறியாதவர் அல்லர். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் தம்முடைய குமாரனை வைத்து வளர்த்தார்.

ஆகையால் இந்த வாரம் ஒரு சிறு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். இன்றிரவு ஜெபமாலை முடிந்தபின், பிள்ளைகள் தூங்கியதும், புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து, இன்றைக்கு உனக்கு எது பாரமாய் இருந்தது என்று கேளுங்கள். பதில் முடியும்வரை உங்களுடைய பாரத்தைப் பற்றிப் பேசாதிருங்கள். பிறகு, நாளைக்கு அதில் எதை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். தண்ணீர்க் குடமோ, விடியற்காலத்துப் பாலோ, பிள்ளையின் கணக்குப் பாடமோ, எதுவானாலும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் வீடு மந்திரிக்க வரும்போது அந்த வழக்கை என்னிடம் கொண்டுவர மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கொண்டுவந்தாலும் பாதகமில்லை, தீர்ப்புக்கு முன்னே குழந்தையை நான் எடுத்துக்கொள்ளுகிறேன், நீங்கள் இருவரும் கொஞ்சம் உட்காருங்கள்.

சேசு மரி சூசை உங்கள் குடும்பங்களைக் காப்பாற்றுவார்களாக.

உங்கள் பங்குச் சுவாமி